கோடுகளின் கதை – 17: கய்யாம் நிறுத்திய இரண்டு செங்குத்துகள்

கவிமணியின் மொழிபெயர்ப்பு வழியாக நமக்குப் பழக்கமான உமர் கய்யாம், இந்த வாரம் வேறொரு கோலத்தில் வருகிறார். கையில் கவராயம். முகத்தில் கொஞ்சம் எரிச்சல்.

ஆண்டு 1077. இடம் செல்ஜூக் சுல்தான் மாலிக்‌ஷாவின் தலைநகரான இஸ்ஃபஹான். கய்யாமுக்கு வயது 29. மூன்று வருடங்களுக்கு முன்பு, வானாய்வுக்கூடம் அமைத்து நாட்காட்டியைத் திருத்திக் கொடுப்பதற்காக அவரை அங்கே வரவழைத்திருந்தார்கள். பகலில் கணக்கு, இரவில் நட்சத்திரம் என்று நேரம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அரபு மொழியில் ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். ‘யூக்ளிட் நூலின் எடுகோள்களில் உள்ள சிக்கல்களுக்கு விளக்கம்’ என்பது அதன் தலைப்பு. பெயரைப் பார்த்தால் மாணவர்களுக்கான கையேடு போலத் தோன்றும். பிரித்துப் படித்தால் நேரடியான வழக்காடல். யூக்ளிடைக் கேள்வி கேட்கிறார், தமக்கு முன் உரை எழுதியவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார், கடைசியில் தம்முடைய சொந்தச் சரக்கை இறக்குகிறார்.

சென்ற இதழில் ஏதென்ஸில் புரோக்ளஸோடு நிறுத்தியிருந்தோம். யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள் எடுகோளே அல்ல, நிரூபிக்கப்பட வேண்டிய தேற்றம் என்று அவர் வாதாடியதைப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக அந்த எடுகோளை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இரண்டு நேர்கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று குறுக்கே வெட்டுகிறது. ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு உட்கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணங்களுக்குக் குறைவாக வருகிறது. அப்படியானால் அந்த இரு கோடுகளையும் அந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் சந்தித்தே தீரும். இதுதான் விஷயம். மற்ற நான்கு எடுகோள்களும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். எல்லாச் செங்கோணங்களும் சமம் என்பது போன்ற சமாசாரங்கள். ஐந்தாவது மட்டும் ஒரு பத்தி நீளம். அதிலும் ‘எங்காவது’ என்ற இடம்தான் உறுத்தல். தாளின் ஓரத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போய்ச் சந்திக்கும் என்றால் யார் போய்ப் பார்த்தது?

யூக்ளிடுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ‘மூலங்கள்’ நூலின் முதல் அத்தியாயத்தில் 28 தேற்றங்கள் வரை ஐந்தாவது எடுகோளை அவர் தொடவே இல்லை. வேறு வழியில்லாமல் 29-வதில்தான் எடுக்கிறார்.

இனி பாக்தாத். ‘மூலங்கள்’ நூலை அரபுக்குக் கொண்டுவந்த முதல் பெரும் பெயர் அல்-ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப். கலீஃபா ஹாரூன் அல்-ரஷீத் காலத்தில் ஒரு தடவையும், அவர் மகன் அல்-மஃமூன் காலத்தில் சுருக்கித் திருத்தி இன்னொரு தடவையும் மொழிபெயர்த்தார். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பைச் செய்ய, அதைக் கிரேக்கப் பிரதிகளோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்தவர் தாபித் இப்னு குர்ரா. இஸ்ஹாக் கிறிஸ்தவர். தாபித், கிரகங்களை வழிபட்ட ஹர்ரான் ஊர் சாபியர். ‘இஸ்லாமியக் கணிதம்’ என்று நாம் சொல்வது அந்த ஆட்சிப் பரப்பையும் அரபு மொழியையும் குறிக்கும் சொல்தான். உள்ளே இருந்தவர்கள் பலதரப்பட்டவர்கள்.

தாபித் ஹர்ரானில் நாணயமாற்றுக்காரராக இருந்தவர் என்பார்கள். அந்த வழியாக வந்த முஹம்மத் இப்னு மூசா அவருடைய மொழித்திறனைக் கண்டு பாக்தாதுக்கு அழைத்துப் போனார். முஹம்மத், அஹ்மத், ஹசன் என்ற மூன்று அண்ணன் தம்பிகளை ‘மூசாவின் மக்கள்’ என்று மொத்தமாகச் சேர்த்துச் சொல்வது வழக்கம். கணிதம், இயந்திரம், அரசியல், பணம் எல்லாவற்றிலும் கை வைத்தவர்கள். அப்பொல்லோனியஸ் எழுதிய ‘கூம்பு வெட்டுகள்’ நூலோடு இவர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அந்த நூல் எட்டு அத்தியாயங்கள் கொண்டது. கூம்பைச் சாய்த்து வெட்டினால் கிடைக்கும் நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் ஆகியவற்றின் பண்புகளைக் கரைத்துக் குடித்த நூல். சகோதரர்களின் கையில் கிடைத்த பிரதியோ பிழை மலிந்தது. பல தலைமுறை எழுத்தர்கள் தங்களுக்குப் புரியாததை எழுதி எழுதிக் கெடுத்து வைத்திருந்தார்கள். ஹசனுக்கு அது பிடிபடவில்லை. சரி, கூம்பை விடுவோம், உருளையை வெட்டிப் பார்ப்போம் என்று எளிமையான பக்கத்திலிருந்து தொடங்கினார். உருளையைச் சாய்த்து வெட்டினாலும் நீள்வட்டம்தான் வரும். அந்த வெட்டைப் பற்றித் தாமாகவே ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சிறிது காலத்தில் இறந்தும் போனார். பிறகு சிரியாவுக்குப் போன அஹ்மதுக்கு, முதல் நான்கு அத்தியாயங்களுக்கு யூடோசியஸ் என்ற பழைய உரைகாரர் செய்த பதிப்பு கிடைத்தது. அதை வைத்து அந்த நான்கையும் பிடித்தார். அந்தப் பிடியோடு மற்ற அத்தியாயங்களுக்குள் நுழைந்தார். ஆக, தாங்களே கணிதம் செய்து, ஓர் உரையின் துணையும் கிடைத்த பிறகுதான் மூலமே புரிந்தது. பின்பு முதல் நான்கை ஹிலால் அல்-ஹிம்ஸியும், ஐந்து முதல் ஏழு வரை தாபித்தும் அரபில் எழுதினார்கள். எட்டாவது அத்தியாயம் அவர்களுக்கும் கிட்டவில்லை.

இன்று கிரேக்கத்தில் நமக்கு எஞ்சியிருப்பது முதல் நான்கு அத்தியாயங்கள் மட்டுமே. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அந்த அரபு மொழிபெயர்ப்பில் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன.

இதைச் சொன்னவுடன் ஒரு பழைய பல்லவி தொடங்கிவிடும்: கிரேக்கர்கள் உண்டாக்கினார்கள், அரபுகள் பத்திரமாக வைத்திருந்தார்கள், ஐரோப்பா வந்து வாங்கிக்கொண்டது. பத்திரமாக வைத்திருந்தது உண்மை. ஆனால் கணிதப் புத்தகம் பூட்டி வைத்தால் பிழைக்கும் பொருள் அல்ல. படம் ஒன்று தவறினால் நிரூபணமே போய்விடும். நிரூபணம் புரியாத எழுத்தர் படத்தைத் தவறாகத்தான் போடுவார். அந்த நூல்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி சந்தேகப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சந்தேகம் அதிகமும் விழுந்த இடம் ஐந்தாவது எடுகோள்தான். அல்-மஃமூன் காலத்து வானியலாளர் அல்-ஜவ்ஹரி அதை நிரூபிக்கப் பார்த்தார். அல்-நைரீசி ‘மூலங்கள்’ நூலுக்கு எழுதிய உரையில், கிரேக்க உரைகாரர்களான ஹெரோனும் சிம்ப்ளிசியஸும் சொன்னவற்றைத் தொகுத்துக் கொடுத்தார். தாபித் இரண்டு தனிக் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் ஒன்றில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்: வடிவியலுக்குள் இயக்கத்தைக் கொண்டுவந்தார். ஒரு பொருளைத் திருப்பாமல், சாய்க்காமல், ஒரே திசையில் நேராகத் தள்ளினால், அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் நேர்கோட்டில் போகும் என்பது அவருடைய தொடக்கம். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கத் தோன்றாததுதான் ஆபத்து. நிரூபிக்க வேண்டியது அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

அதே பாதையில் இன்னும் தூரம் போனவர் இப்னு அல்-ஹைதம். சுமார் 965இல் பஸ்ராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் இறந்தவர். ஒளியியல் வரலாற்றில் அவருக்குத் தனி நாற்காலி உண்டு. அந்தக் கதை நமக்கு இங்கே வேண்டாம். நைல் நதியின் வெள்ளத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிமிடம் வாக்குக் கொடுத்து, நேரில் போய்ப் பார்த்ததும் நடக்காத காரியம் என்று புரிந்து, கலீஃபாவின் கோபத்துக்குப் பயந்து பைத்தியம் பிடித்தவர் போல நடித்தார் என்று ஒரு கதை உண்டு. 1021இல் அல்-ஹாக்கிம் காணாமல் போன பிறகே தெளிந்தவராக வெளியே வந்தாராம். வரலாற்றாசிரியர் அல்-கிஃப்தி சொல்லும் இன்னொரு செய்தி எனக்கு இதைவிடப் பிடிக்கும். அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் பக்கம் குடியிருந்த இப்னு அல்-ஹைதம், வருடத்துக்கு ஒரு முறை மூன்று நூல்களைத் தம் கையால் படியெடுப்பாராம்: யூக்ளிடின் ‘மூலங்கள்’, தாலமியின் ‘அல்மஜெஸ்ட்’, இரண்டுக்கும் நடுவில் படிக்க வேண்டிய ‘இடைநிலை நூல்கள்’. 150 எகிப்திய தினார் விலை. பேரம் கிடையாது. அந்தப் பணத்தில் அடுத்த வருடம் வரை சாப்பாடு நடக்கும்.

கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அப்பொல்லோனியஸின் ‘கூம்பு வெட்டுகள்’ அரபுப் பிரதி ஒன்று இஸ்தான்புல்லில், ஆயா சோஃபியா தொகுப்பில் இருக்கிறது. அதை எழுதிய கை இப்னு அல்-ஹைதமுடையது. ஆண்டு 1024. மூசாவின் மக்கள் மல்லுக்கட்டி மீட்டெடுத்த அதே நூல். தொலைந்துபோன எட்டாவது அத்தியாயத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து அவரே ஒரு நூலும் எழுதியிருக்கிறார். ஒரு புத்தகத்தைத் தம் கையால் எழுத்து எழுத்தாகப் படியெடுத்தவருக்கு, அதில் எங்கே தரை ஆடுகிறது என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

யூக்ளிடுக்கு அவர் எழுதியவை இரண்டு. ஒன்று எடுகோள்களுக்கான உரை. இன்னொன்று நூல் முழுவதிலும் எழும் சந்தேகங்களுக்கு விடை. முதலாவதில் இணைகோட்டுப் பிரச்சினைக்கு வருகிறார். ஒரு நேர்கோடு, அதன் மேல் ஒரு செங்குத்து. அந்தச் செங்குத்தின் அடிமுனை கோட்டை விட்டு விலகாமல், நிமிர்ந்த நிலையும் மாறாமல், அதைக் கோட்டின் மீது நகர்த்திக்கொண்டே போகிறார். மேல்முனை வரைந்துகொண்டு போகும் பாதை எது? நேர்கோடு என்கிறார். அது கீழ்க்கோட்டிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்கும், ஆகவே இணைகோடு. அதை வைத்து, மூன்று செங்கோணங்கள் உள்ள நாற்கரத்தை வரைந்து, நான்காவது கோணமும் செங்கோணம்தான் என்று காட்டுகிறார். அங்கிருந்து ஐந்தாவது எடுகோளுக்கு வந்து சேர்கிறார்.

கய்யாமுக்கு எரிச்சல் மூண்டது இங்கேதான். அவருடைய கேள்விகளை என் வார்த்தையில் தருகிறேன். வடிவியலுக்கும் இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கோடு என்பது ஒரு பரப்பில் இருக்கிறது, பரப்பு ஒரு பொருளில் இருக்கிறது. பொருளை விட்டுவிட்டுக் கோடு மட்டும் தனியாக எப்படி நகரும்? நகர்ந்துகொண்டே செங்குத்தாகவும் நிற்கும் என்பதற்கு என்ன நிரூபணம்? யூக்ளிடே பதினோராம் அத்தியாயத்தில் அரைவட்டத்தைச் சுழற்றிக் கோளத்தை வரையறுக்கிறாரே என்று யாராவது கேட்டால், அதற்கும் அவரிடம் பதில் உண்டு: அந்த இடத்துக்கு வரும்போது வாசகன் தேறிவிட்டான் என்று யூக்ளிட் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொண்டார், தொடக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

யூக்ளிடையும் அவர் விடவில்லை. இதைவிடச் சுலபமானவற்றையெல்லாம் பாடுபட்டு நிரூபித்த மனிதர், நிரூபணம் கட்டாயம் வேண்டிய இந்த இடத்தில் மட்டும் அப்படியே ஏற்றுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான்.

பிறகு தம்முடைய கட்டுமானத்தைத் தொடங்குகிறார். எட்டுத் தேற்றங்கள். ‘மூலங்கள்’ முதல் அத்தியாயத்தின் 29-வது தேற்றத்தை எடுத்துவிட்டு இந்த எட்டையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். முதல் தேற்றத்தை நாமும் கூடவே வரைந்து பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் அடிக்கோலே போதும்.

அஆ என்று ஒரு கோடு போடுங்கள். அ-வில் ஒரு செங்குத்து, ஆ-வில் ஒரு செங்குத்து. இரண்டும் ஒரே உயரம். அ-வின் மேலே உள்ள முனை இ. ஆ-வின் மேலே உள்ளது ஈ. இ, ஈ இரண்டையும் கோட்டால் இணையுங்கள். கீழே இரண்டு கோணங்களும் செங்கோணம், நாமே அப்படி வரைந்தோம். மேலே இ-யிலும் ஈ-யிலும் உள்ள கோணங்கள் எவ்வளவு?

செவ்வகம்தானே, அவையும் செங்கோணம்தானே என்று வாய் வரை வரும். அவசரப்படக் கூடாது. செவ்வகம் என்று சொல்லிவிட்டால் ஐந்தாவது எடுகோளைச் சொல்லாமல் சொல்லிவிட்டோம் என்று பொருள். அதைத் தொடாமல் என்ன தெரியும்? மூலைவிட்டங்கள் இரண்டையும் வரையுங்கள். அஆஈ, ஆஅஇ என்ற இரு முக்கோணங்களுக்கும் அஆ பொதுப் பக்கம், செங்குத்துகள் சமம், இடையில் செங்கோணம். எனவே முக்கோணங்கள் சர்வசமம், மூலைவிட்டங்களும் சமம். அடுத்து அஇஈ, ஆஈஇ என்ற முக்கோணங்களைப் பாருங்கள். மூன்று பக்கங்களும் முறையே சமம். ஆகவே இ கோணமும் ஈ கோணமும் சமம். சமம் என்பது வரை வந்துவிட்டோம். எவ்வளவு என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

கய்யாம் இங்கே மூன்று கதவுகளைத் திறக்கிறார். இரண்டும் குறுங்கோணமாக இருக்கலாம். இரண்டும் விரிகோணமாக இருக்கலாம். இரண்டும் செங்கோணமாக இருக்கலாம். நான்காவது வாய்ப்பு இல்லை.

குறுங்கோணம் என்று வைத்துக்கொண்டால், மேல்கோடு இஈ, அடிக்கோடு அஆவைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று காட்டுகிறார். அதாவது இரண்டு செங்குத்துகளும் மேலே போகப் போக விலகுகின்றன. படத்தை அடிக்கோட்டுக்குக் கீழே அப்படியே மடித்தால் அங்கேயும் அதே கதை; கீழ்நோக்கியும் விலகுகின்றன. ஓரிடத்தில் நெருங்கி நின்று இரண்டு பக்கமும் விலகிப் போகும் இரண்டு நேர்கோடுகள்! விரிகோணம் என்று வைத்தால் நேர்மாறு. மேல்கோடு சிறியது, செங்குத்துகள் மேலேயும் நெருங்கும், கீழேயும் நெருங்கும். நெருங்குகிற கோடுகள் சந்தித்தே தீரும் என்றால் இரண்டு முனையிலும் சந்திக்க வேண்டும். இரண்டும் ஆகாது என்று கய்யாம் கதவுகளைச் சாத்திவிடுகிறார். எஞ்சியது செங்கோணம்.

சாத்துவதற்கு எந்தத் தாழ்ப்பாளைப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். நூலின் தொடக்கத்தில் ஐந்து கொள்கைகளை வைக்கிறார். எல்லாம் அந்த மெய்யியலாளரிடமிருந்து, அதாவது அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்தவை என்கிறார். நான்காவது கொள்கை: நெருங்கிச் செல்லும் இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும், நெருங்குகிற திசையிலேயே அவை மறுபடி விலக முடியாது. நமக்குக் கிடைத்திருக்கும் அரிஸ்டாட்டில் நூல்களில் இந்த வாசகம் இல்லை. அதைவிட முக்கியம், அந்தக் கொள்கையே ஐந்தாவது எடுகோளுக்கு ஈடானது. வாசல் வழியாக வெளியே அனுப்பியது கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் தாபித்துக்கும் இப்னு அல்-ஹைதமுக்கும் நேர்ந்தது போல அவருக்குத் தெரியாமல் வரவில்லை. எதை ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் அவர் நிரூபணத்தில் இறங்குகிறார். என் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

இதை வைத்து, கய்யாம் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே யூக்ளிட்-சாரா வடிவியலைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மிகை. அவர் குறுங்கோண உலகத்துக்குள் குடிபோகவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆனால் எட்டிப் பார்த்த அந்தச் சில நொடியில் அவர் சொன்னவை அந்த உலகத்தின் சரியான தேற்றங்கள். 1829இல் லொபசெவ்ஸ்கி அச்சிட்ட வடிவியலில், ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் உண்மையிலேயே இரு பக்கமும் விலகிப் போகின்றன. விரிகோணக் கதையும் கற்பனை அல்ல. பூகோள உருண்டையை எடுத்துப் பாருங்கள்: பூமத்திய ரேகையிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் இரண்டு தீர்க்க ரேகைகள் வட துருவத்திலும் சந்திக்கின்றன, தென் துருவத்திலும் சந்திக்கின்றன. இஸ்ஃபஹானில் ராத்திரிதோறும் வானக் கோளத்தின் வட்டங்களோடு புழங்கிய மனிதர் கய்யாம். அந்த வட்டங்களை அவர் ‘நேர்கோடு’ என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நூலின் மற்ற இரண்டு பகுதிகளும் விகிதத்தைப் பற்றியவை. இணைகோடுகளைவிட இங்கேதான் கய்யாம் ஆழமாகப் போனார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இரண்டு விகிதங்கள் சமம் என்றால் என்ன? முழு எண்கள் என்றால் சுலபம். சதுரத்தின் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் போல எந்த முழு எண்ணிலும் அடங்காதது வந்தால்? யூக்ளிடின் ஐந்தாம் அத்தியாயத்தில் அதற்கு ஒரு வரையறை இருக்கிறது. பழுதில்லாதது, ஆனால் விகிதம் என்றால் என்ன என்று மனதில் படாதது. கய்யாம் அதைத் தவறு என்று சொல்லவில்லை; விஷயத்தின் சாரத்தைச் சொல்லவில்லை என்றார். அதற்குப் பதிலாக, ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-மாஹானி கையாண்ட ஒரு முறையை எடுத்துக்கொண்டார். பெரியதிலிருந்து சிறியதை எத்தனை முறை கழிக்கலாம் என்று பார்; மிச்சத்தைக் கொண்டு சிறியதைக் கழி; அதன் மிச்சத்தைக் கொண்டு முந்தைய மிச்சத்தைக் கழி.

10, 4 என்று எடுத்தால், 10-இல் 4 இரண்டு முறை, மிச்சம் 2. 4-இல் 2 இரண்டு முறை, மிச்சம் இல்லை. 15, 6 என்று எடுத்தாலும் இரண்டு முறை, மிச்சம் 3. மறுபடி இரண்டு முறை. இரண்டிலும் அதே வரிசை, ஆகவே விகிதம் ஒன்றே. சதுரத்தின் மூலைவிட்டத்தில் பக்கத்தைக் கழித்தால் முதலில் ஒரு முறை. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு என்று முடிவே இல்லாமல் போகும். முடியாவிட்டால் என்ன, வரிசை வரிசைதான். ஒப்பிடலாம்.

மூன்றாம் பகுதியில் ஒரு படி மேலே போனார். விகிதமே ஓர் எண்தானா? எண் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடியது மட்டும்தான் என்பது கிரேக்கர்களின் முடிவு. கய்யாம் நேரடியாக ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. ஆனால் கோடாகவோ பரப்பாகவோ காலமாகவோ பார்க்காமல், எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, மனதில் மட்டும் நிற்கும் ஓர் அளவாக விகிதத்தைப் பார்க்கலாம், உண்மையான எண் இல்லையென்றாலும் எண்ணைப் போல அதை நடத்தலாம் என்று எழுதினார். அளவைக்காரர்களும் வானியல் கணக்குப் போடுபவர்களும் மூலைவிட்டத்தை எண்ணாக வைத்துப் பல காலமாகப் பெருக்கி வகுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு அடிப்படை என்ன என்று கேட்டது ஒரு யூக்ளிட் உரைக்குள் நடந்தது.

1092இல் மாலிக்‌ஷாவும் அவருடைய அமைச்சர் நிஜாமுல் முல்க்கும் அடுத்தடுத்து மறைந்தார்கள். வானாய்வுக்கூடத்துக்கு ஆதரவு நின்றது. கய்யாம் 1131இல் பிறந்த ஊரான நிஷாப்பூரிலேயே இறந்தார்.

நூறு ஆண்டுகள் கழித்து வருகிறார் நசீருத்தீன் தூசி. 1201இல் தூஸ் நகரில் பிறந்தவர். இஸ்மாயிலிகளின் மலைக்கோட்டைகளில் இருந்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1248இல், ‘மூலங்கள்’ நூலுக்கு ஒரு செம்பதிப்பை முடித்தார். அல்-ஹஜ்ஜாஜின் பிரதியில் 468 தேற்றங்கள், தாபித்தின் பிரதியில் அதைவிடப் பத்து அதிகம் என்று முன்னுரையிலேயே கணக்குச் சொல்கிறார். வரிசை எண்கள் ஒத்துப்போகாத இடங்களில் தாபித்தின் எண்ணைச் சிவப்பு மையிலும் அல்-ஹஜ்ஜாஜின் எண்ணைக் கறுப்பு மையிலும் குறித்தார். படிக்கிறவருக்கு எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பார்வையில் தெரியும்.

இணைகோட்டுக்குத் தனிக் கட்டுரை. அல்-ஜவ்ஹரி, இப்னு அல்-ஹைதம், கய்யாம் ஆகிய மூவரின் நிரூபணங்களையும் எடுத்து வைத்து, எங்கே ஓட்டை என்று காட்டிவிட்டு, தம்முடையதைச் சொல்கிறார். அவருடையதும் ஓட்டைதான். இரண்டு கோடுகளுக்கிடையே விழும் செங்குத்துகள் ஒரு பக்கம் குறுகிக்கொண்டு வந்தால் தொடர்ந்து குறுகிக்கொண்டே போகும் என்பதை அவரும் சும்மா எடுத்துக்கொண்டார். 1256இல் மங்கோலியர்கள் இஸ்மாயிலிகளின் அலமூத் கோட்டையைப் பிடித்தார்கள். தூசி மங்கோலியத் தலைவர் ஹுலாகுவின் ஆலோசகரானார். 1258இல் பாக்தாத் வீழ்ந்தது. மறு வருடம் மராகாவில் அவர் தலைமையில் வானாய்வுக்கூடம் எழும்பத் தொடங்கியது. அது தனி அத்தியாயம்.

தூசியின் செம்பதிப்பு நம் நாட்டுக்கும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்பேர் அரசர் சவாய் ஜெய்சிங்குக்காக சாம்ராட் ஜகந்நாதர் அதை ‘ரேகாகணிதம்’ என்ற பெயரில் சம்ஸ்கிருதத்தில் எழுதினார். பதினைந்து அத்தியாயங்கள், 478 தேற்றங்கள். 468-உம் பத்தும்.

மேற்கே போனது வேறு புத்தகம். 1594இல் ரோம் நகரில் மெதிச்சி அச்சகம் அரபு எழுத்துகளில் யூக்ளிடை அச்சிட்டது. ஆசிரியர் பெயர் நசீருத்தீன் தூசி. கடைசியில் உதுமானியப் பேரரசில் இதை விற்கலாம் என்று சுல்தான் மூன்றாம் முராத் 1588இல் கொடுத்த உத்தரவும் சேர்க்கப்பட்டிருந்தது. அதிலிருந்த இணைகோட்டு நிரூபணத்தை எட்வர்ட் போகாக் லத்தீனில் மொழிபெயர்த்துக் கொடுக்க, ஜான் வாலிஸ் 1663இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதைப் பற்றி உரை நிகழ்த்தினார். வாலிஸ் வழியாக அதைப் படித்த இத்தாலிய ஜெசூட் பாதிரியார் ஜெரோலமோ சாக்கேரி, 1733இல் ‘எல்லாக் களங்கமும் நீங்கிய யூக்ளிட்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் அவர் வரைவது இரண்டு சம செங்குத்துகள் மேல் நிற்கும் நாற்கரம். ஆராய்வது குறுங்கோணம், விரிகோணம், செங்கோணம் என்ற மூன்று வாய்ப்புகள். இன்றைய பாடநூல்களில் அதற்கு ‘சாக்கேரி நாற்கரம்’ என்று பெயர். சிலர் மட்டும் கய்யாமின் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சாக்கேரி தம் நூலில் நசீருத்தீனின் நிரூபணத்தை எடுத்து, அது ஏன் போதாது என்று விளக்குகிறார். ஆனால் ரோமில் அச்சான அந்த நூல் தூசி எழுதியதே அல்ல. அது எழுதி முடிக்கப்பட்ட ஆண்டு 1298. தூசி இறந்தது 1274இல். அவருடைய மாணவர் வட்டத்தில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும். மகன் சத்ருத்தீனாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தூசி தம் கட்டுரையில் எழுதிய நிரூபணத்துக்கும் இதற்கும் அடித்தளமே வேறு. வாலிஸும் சாக்கேரியும் வழக்காடியது ஆள் மாறிப்போன எதிராளியோடு.

(தொடரும்)